விடுப்பு அண்ணை

சிட்னியின் வெஸ்ட்மீட் ரயில் நிலையத்தில் இறங்கி ஹோக்ஸ்பரி வீதிப் பக்கம் ஏறுகிற எந்தத் தமிழரும் அண்ணையின் கண்ணுக்குத் தப்ப முடியாது. "தம்பி, ஊரிலை எவ்விடம்?" என்றுதான் தொடங்குவார். யாழ்ப்பாணம் என்ற மறுமொழி அவரிடம் செல்லாது. வடமராட்சியோ, தென்மராட்சியோ, வலிகாமமோ? கரவெட்டி என்றால் கரவெட்டியில் எந்தப் பக்கம்? எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் ஆண்டு ஏ.எல்.? அடுத்த ரயில் வந்து நிற்கும்போது, உங்கள் சின்னம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி இப்போது யார் பேரில் கிடக்கிறது என்ற கட்டத்துக்கு விசாரணை வந்திருக்கும்.

அண்ணை என்றால் யாரோ ஓர் ஆளைக் குறிவைத்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் என்று ரயில் பாதை நெடுகிலும் ஸ்டேஷனுக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். அக்கா வடிவிலும் உண்டு. அக்கா கேட்கிற கேள்விகள் குறைவு, விளைச்சல் கூட.

ஆங்கிலேயரிடமும் இந்த இனம் இருந்திருக்கிறது. 'குவிட்நங்க்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இன்று அவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. லத்தீனில் 'இப்ப என்ன?' என்று பொருள். எந்நேரமும் அதையே கேட்டுத் திரிகிறவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. லண்டனில் 1709-ல் தொடங்கிய 'டாட்லர்' ஏட்டில் இந்தச் சொல் அடிபட்டது. அதே ஏட்டில் அடுத்த வருடம் அடிசன் என்ற கட்டுரையாளர் ஒரு மெத்தைக் கடைக்காரரைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் ஐரோப்பிய மன்னர்களின் கவலையில் செய்தி தேடி அலைந்து, கடைசியில் சொந்தக் கடையே முறிந்துபோனவர். 1758-ல் ஆர்தர் மர்ஃபி அப்படி ஒருவரை மேடையேற்றியபோது பாத்திரத்தின் பெயரே குவிட்நங்க்.

நாங்கள் லத்தீன் வரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு விடுப்பு என்று பெயர். விடுப்புக் கேட்கிறது, விடுப்புப் பார்க்கிறது என்று வினையாகவும் வரும். (சென்னை நண்பர் ஒருவரிடம் "அவர் எந்நேரமும் விடுப்பிலைதான்" என்றால், கொடுத்துவைத்த மனுஷன், என்ன உத்தியோகம் என்று கேட்பார்.) ஆனாலும் லண்டன் ஆளுக்கும் எங்கள் ஆளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்குப் போர்க்களத்துச் செய்தி தேவைப்பட்டது. எங்களவருக்கு உங்கள் வீட்டு அடுப்படிச் செய்தி போதும். போரை அவர் போதுமான அளவு பார்த்துவிட்டார்.

கேள்வி கேட்பதில் நாங்கள் பழைய கைகள். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்துவிட்டார். அண்ணை இலக்கணம் படித்தவரல்லர். ஆனாலும் ஆறும் அவர் வாயில் சரளமாக வரும். அவருடைய தனித் தேர்ச்சி அறிவினா. விடை தெரிந்துகொண்டே கேட்கிற வினா அது. ஆசிரியர் மாணவனிடம் கேட்பதை உதாரணம் காட்டுவார்கள். "மகளுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லைப் போலை?" என்று அண்ணை கேட்கும்போது, மெல்பேர்னில் இருந்து வந்த சம்பந்தம் எந்தக் கிழமை, எந்தக் காரணத்தால் முறிந்தது என்பது அவருக்கு உங்களைவிட விவரமாகத் தெரியும். உங்கள் வாயால் ஒருக்கால் கேட்டு, கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். கொடைவினாவும் உண்டு. உடுக்க உடை இல்லையோ என்று, கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது. "வேலை போட்டுதாமே, என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்பார். வேலை போன செய்தி உறுதியானதும் கொடை மறந்துவிடும். "பெடியனை இன்னும் டியூசனுக்கு விடேல்லையோ?" என்பது ஏவல்வினா. அன்று பின்னேரமே பெடியன் டியூசனில் இருப்பான்.

பிள்ளைகளின் படிப்பில்தான் அண்ணை விசுவரூபம் எடுப்பார். ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கண்டால் செலக்டிவ் பள்ளிக்கூடச் சோதனை. கிரவீனோ, பால்க்கம் ஹில்ஸோ, ஜேம்ஸ் ரூஸோ? பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஏடார், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசை. அந்த அளவுகோலின் உச்சி 99.95. ஒரு பிள்ளை வெட்கத்தோடு 99.40 என்று சொன்னதும், அண்ணை அதன் தோளில் கைவைத்து, "ஐயோ, என்னம்மா நடந்தது?" என்று கேட்டாராம். வீட்டில் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அண்ணையின் களங்களில் முதன்மையானது கோயில். மேய்ஸ் ஹில் என்ற பெயரை வைகாசிக் குன்று என்று அழகாகத் தமிழாக்கி, அதில் முருகனை இருத்தி 1999-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள் எங்களவர்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவன் எங்கே ஓடுவான்? "வீடு வாங்கியாச்சோ, இன்னும் வாடகையோ?" "எத்தினை அறை?" "வங்கிக்கு மாதம் எவ்வளவு கட்டுறீர்?" இப்போது போக்குவரத்துத் துறையும் அவருக்குக் கேள்வி எடுத்துக் கொடுக்கிறது. 2024 டிசம்பரில் வெஸ்ட்மீட்டிலிருந்து கார்லிங்ஃபோர்டுக்கு இலகு ரயில் ஓடத் தொடங்கியதும், "தண்டவாளத்துக்குக் கிட்டவோ உங்கடை யூனிட், விலை ஏறியிருக்குமே?" என்றார். 2032-ல் மெட்ரோ வரப்போகிறது என்கிறார்கள். அந்த விலையேற்றத்தையும் இப்போதே கேட்டு வைத்துவிட்டார்.

இதில் ஒரு நியாயம் சொல்லவேண்டும். ஆஸ்திரேலிய அரசும் இதையெல்லாம் கேட்கத்தான் செய்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் குடிசனக் கணக்கெடுப்புப் படிவத்தில் எங்கே பிறந்தீர், வீட்டில் என்ன பாஷை, எத்தனை படுக்கையறை, எத்தனை கார், வீட்டுக் கடனுக்கு எவ்வளவு கட்டுகிறீர், பெண் என்றால் எத்தனை பிள்ளை பெற்றீர் என்பது வரை உண்டு. ஆனால் சமயம் பற்றிய கேள்விக்கு விருப்பமில்லாவிட்டால் பதில் எழுதத் தேவையில்லை. அண்ணையின் படிவத்தில் அப்படி ஒரு சலுகையும் கிடையாது. பேரோடு பாதுகாக்க நீங்கள் சம்மதித்தால், அரசு அந்தத் தகவலைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 99 வருடம் பூட்டி வைக்கும். அண்ணையிடம் சொன்னதோ, ரயில் அடுத்த ஸ்டேஷனான பரமட்டாவைத் தொட முன்னமே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடும்.

அவருடைய இன்னொரு களம் ஆஸ்பத்திரி. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி 1978-ல் திறந்தது; பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆகவே சுற்றுவட்டாரத்துத் தமிழர் எவரும் ஒருநாள் இங்கே வந்து படுத்தே ஆகவேண்டும். தெரிந்தவர் படுத்திருக்கிறார் என்றால் அண்ணை பழங்களோடு ஆஜர். "என்ன வருத்தம்?" என்ற கேள்விக்கு நோயாளி மழுப்பினால் கவலைப்பட மாட்டார். தாதி எப்படியும் மருந்தோடு வருவாள், வந்து பேரும் பிறந்த திகதியும் கேட்பாள். ஆளை மாற்றி மருந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் கேட்பது இங்கத்தைய வழமை. நோயாளியும் சத்தமாகச் சொல்லியாகவேண்டும். அண்ணை விரல்விட்டு எண்ணுவார். "அப்ப என்னிலும் மூண்டு வயசு மூப்பு. கலியாணத்துக்குச் சொன்ன வயசு வேறை எல்லோ?" பக்கத்தில் நிற்கிற மனைவி முதன்முறையாகக் கணவரை உற்றுப் பார்ப்பார். இரத்த அழுத்தம் அளக்கும் யந்திரம் அப்போதுதான் கீச்சிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அண்ணையை நாடுகடத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சூட்கேஸோடு வந்து இறங்கிய பெடியங்களை ஹோம்புஷ் பக்கத்து வீடுகளில் தங்க வைத்தவர்களும் இப்படிக் கேட்டவர்கள்தான். எவ்விடம் என்று கேட்டு, ஓ, இன்னாரின் மருமகனோ என்று கண்டுபிடித்து, அந்த உறவுமுறையின் பலத்தில் ஒரு பாயும், ஒரு மாதச் சாப்பாடும், தொழிற்சாலையில் ஓர் இரவு வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். ஊர் சிதறிப்போன பிறகு யார் எங்கே இருக்கிறார் என்ற கணக்கு எந்தக் கந்தோரிலும் இருக்கவில்லை. இவர்கள் தலைக்குள்தான் இருந்தது. இன்றைக்கும் மாணவர் விசாவில் வந்து வாடகை அறை தேடுகிற பிள்ளைக்கு, எந்தச் செயலியையும்விட அண்ணை விரைவு. ஆகவே என் தீர்ப்பு இது: எவ்விடம் என்று கேட்கலாம், எவ்வளவு என்று கேட்கக் கூடாது. அண்ணை இதை ஏற்கப்போவதில்லை.

அதனால் தற்காப்பையும் நன்னூலிலேயே தேடவேண்டியிருக்கிறது. பவணந்தியார் விடைகளை எட்டாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பிள்ளை எப்போது என்று கேட்டபோது, "இடுப்பு நோகுது அண்ணை" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அது உற்றது உரைத்தல், தனக்கு நேர்ந்ததையே விடையாகச் சொல்வது. ஒருவிதத்தில் நல்ல விடைதான், ஆனால் அதிலிருந்து இடுப்பு நோவு பற்றிப் பதினைந்து கேள்விகள் முளைத்தன. வீட்டு விலையைக் கேட்டால் வட்டி வீதத்தைப் பற்றிப் பேசுகிற இனமொழி விடையும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. நின்று பிடிக்கக்கூடியது ஒன்றுதான். வினாவுக்கு எதிர் வினாதல். சம்பளம் என்ன என்று அண்ணை கேட்டதும், "உங்கடை பென்ஷன் எவ்வளவு வருது அண்ணை? மகன் இப்ப உங்களோடை கதைக்கிறாரோ?" என்று கேட்டுப் பாருங்கள். அண்ணைக்கு உடனே ஒரு அவசர வேலை ஞாபகம் வரும். இத்தனை வருடமாக எங்கள் எல்லோருடைய வயதும் வருமானமும் வைத்தியமும் தெரிந்த அந்த மனிதர் எந்த ஊர், என்ன வேலை செய்தார், எங்கே குடியிருக்கிறார் என்று வெஸ்ட்மீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் கண்டால், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.