உப்பா, குளோரினா?

கேள்வி: வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பு நீர் முறை உத்தமமா, வழக்கமான குளோரின் முறை உத்தமமா? (ஒரு வாசகர், நீலாங்கரை)

பதில்: குளோரினுக்கு அஞ்சி உப்பைச் சரணடைகிறவர்கள் பலருண்டு, ஆனால் லிட்டருக்கு 3 அல்லது 4 கிராம் உப்புக் கரைந்த அந்த ஜலத்தில், டைட்டானியத் தகடுகளின் வழியே மின்சாரம் பாய்ந்தவுடன் ஜனிப்பதும் சாக்ஷாத் அதே குளோரின்தான் என்பதை, விற்பவர் பணத்தை எண்ணி வாங்கிய பிறகே சாவகாசமாகச் சொல்லுவார். கடல் நீரில் ஏறக்குறையப் பத்து மடங்கு உப்பு உண்டாகையால், இதில் கரிப்பு சொற்பமே. தினந்தோறும் மருந்து அளந்து போடும் சிரமமும் குறையும். எனினும் எஃகு ஏணியையும் கல் விளிம்பையும் உப்பு மெல்ல அரிக்கும். ஏறும் காரத்தை அமிலம் ஊற்றித் தணிக்க வேண்டும். சில வருஷங்களில் தகடுகளையே மாற்றவும் நேரும். கடற்காற்று ஜன்னல் கம்பிகளை இலவசமாகவே தின்றுகொண்டிருக்கும் நீலாங்கரையில், உப்பை மூட்டை மூட்டையாக விலைக்கு வேறு வாங்குவானேன்? தாங்கள் குளோரின் தூளையே வாங்குங்கள்.