டாலி ஆனால் வீட்டுக்குப் போகலாம்

அந்தக் காலத்து வங்கி வேலை சுகமானது என்று சொல்பவர்கள், ஹாஃப் இயர்லி குளோசிங் இரவில் ஒரு கிளைக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கிளார்க்காகச் சேர்ந்தது 1981ல், தஞ்சை மாவட்டத்தின் சிறிய ஊர் ஒன்றில். ஜூன் 30, டிசம்பர் 31 வந்தால் சேமிப்புக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் கையால் வட்டி போட வேண்டும். மாதத்தின் பத்தாம் தேதி முதல் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அப்போது வட்டி. லெட்ஜரைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அந்தத் தொகையைத் தேடி எடுப்போம். எல்லாவற்றையும் கூட்டி ஜெனரல் லெட்ஜரோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் டிஃபரன்ஸ் வரும்.

"ஒம்போதால வகுபடுதா பாரு தம்பி" என்பார் தலைமைக் கிளார்க். வகுபட்டால், யாரோ 63 என்பதை 36 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இல்லையென்றால் டிஃபரன்ஸில் பாதித் தொகையைத் தேடுவோம். வரவில் எழுத வேண்டியது பற்றில் விழுந்திருக்கக்கூடும். நள்ளிரவு தாண்டும். ஓட்டலிலிருந்து வந்த இட்லிப் பொட்டலம் ஆறிக் கிடக்கும். கடைசியில் கணக்கு நேரானதும் யாராவது ஒருவர் "டாலி!" என்று கத்துவார். விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, சைக்கிளை எடுப்போம்.

உடம்பு நொந்துபோகும்தான். ஆனால் அந்த நோவு அன்றோடு முடிந்தது. பொதுமக்களுக்கான கவுண்டர் இரண்டு மணிக்கு மூடும், மாலையில் கணக்கு நேராகும், அதற்குமேல் எங்களைத் தேடி எதுவும் வராது. எங்களில் பலர் வீட்டில் அப்போது தொலைபேசியே இல்லை. ஓவர்டைம் பார்த்தால் அதற்குக் கூலி உண்டு. அதிகாரி அத்துமீறிப் பேசினால் மறுநாள் காலை சங்கம் கேட்கும்.

இப்போது என் மகள் அதே தொழிலில் அதிகாரி. நாங்கள் வாரக்கணக்கில் போட்ட வட்டியை கோர் பேங்கிங் மென்பொருள் ஒரே இரவில் போட்டுவிடுகிறது. பணம் எடுக்க வருபவருக்குக் கொடுக்கும் பித்தளை டோக்கன் இல்லை, பேலன்சிங் இல்லை. அந்தக் கணக்குப்படி அவள் ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். வந்து சேரும்போது மணி ஒன்பது.

மிச்சமான நேரம் ஊழியருக்குக் கிடைக்கவில்லை. 2000-01ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அரசு வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 2014ல் ஜன்தன் திட்டம் வந்தது. கோடிக்கணக்கான புதிய கணக்குகள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நானும் பணியில் இருந்தேன். அந்த வாரங்களில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதோடு காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு விற்பனை. காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "இன்று எத்தனை பாலிசி?" என்று கேள்வி விழும். ஞாயிற்றுக்கிழமை ரிவ்யூ. டார்கெட்டை எட்டினால் அடுத்த காலாண்டில் அது இன்னும் மேலே ஏறும். "டாலி" என்று கத்த அங்கே இடமே இல்லை. என் மகளின் தலைமுறையை உருக்குவது வேலையின் பளுவைவிட இந்த முடிவின்மைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவள் முதலில் இழந்தது பரிவை. நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வரும் பென்ஷன்தாரர்களை உட்காரவைத்துப் பேசி அனுப்பியவள், ஒருநாள் சொன்னாள்: "அப்பா, அவங்க வரிசையில நிக்கிறதப் பாத்தாலே எரிச்சலா வருது. எனக்கே என்னைப் பிடிக்கல." 2019ல் உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்தப் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். மூன்றும் அவளிடம் இருந்தன. இது வேலையிடம் சார்ந்த நிலை, நோய் அல்ல என்பதையும் அந்த நிறுவனம் தெளிவாக்கியிருக்கிறது. இதைப் பல்லாண்டு ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் பார்க்கச் சொல்லும் இடங்களும் பணிச்சுமை, சுயமாக முடிவெடுக்கும் உரிமை, அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என எல்லாம் பணியிடத்துக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவளுடைய நிர்வாகம் செய்தது, மன அழுத்தம் நீக்கும் வகுப்பு ஒன்றை விடுமுறை நாளில் வைத்தது. ஊழியரின் ஓய்வைப் பறித்து ஓய்வைப் பற்றிப் பாடம் எடுப்பது கொடுமை.

அவளை மீட்டது வேறொரு விதி. முக்கியப் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து பத்து வேலைநாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021ல் கூறியது. அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேறெந்த வேலைத் தொடர்பும் கூடாது. மோசடியைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு இது. என் மகளுக்கு அது மருந்தானது. முதல் சில நாட்கள் தூங்கினாள். பிறகு சமையலறைக்கு வந்து அம்மாவோடு வெங்காயம் உரித்தாள். அவள் இல்லாமலும் கிளை நடந்தது. அதை அறிந்தது அவளுக்குப் பெரிய விடுதலை.

திரும்பிப் போனபோது புதிய மேனேஜர் வந்திருந்தார். இரவு எட்டுக்கு மேல் குரூப்பில் எதுவும் போடுவதில்லை என்று முடிவு செய்தார், கவுண்டர் முறையை வாராவாரம் மாற்றினார், நான்கு மணி டீக்கு எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தார். மேலிருந்து வரும் ஏச்சைத் தன்னோடு நிறுத்திக்கொண்டார். அவளும் கிளம்பும் முன் மறுநாள் வேலையைத் தாளில் எழுதி டிராயரில் வைத்துப் பூட்டுகிறாள். வீட்டில் போன் கூடத்திலேயே கிடக்கிறது. இப்போதும் தாமதமாகிற நாட்கள் உண்டு, ஆனால் பென்ஷன்தாரர்களின் பெயர்கள் மறுபடி அவள் பேச்சில் வருகின்றன.

ஆனால் நல்ல மேனேஜர் அமைவது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. காலி இடங்களை நிரப்ப வேண்டும். வாரம் ஐந்து நாள் வேலைக்கு 2024ல் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் இசைந்த பிறகும் அரசின் ஒப்புதல் உடனே வரவில்லை. வேலை நேரத்துக்குப் பின் தொடர்புகொள்வது குறித்து நிறுவனங்கள் தொழிலாளரோடு பேசித் தீர்க்க வேண்டும் என்ற சட்டம் பிரான்சில் 2017லிருந்தே நடைமுறையில் இருக்கிறது.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். கிளை மேலாளர்களே, மண்டல அதிகாரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்று இரவு எட்டு மணிக்கு மேல் குரூப்பில் எதையும் கேட்காதீர்கள். கேள்வி காலை பத்து மணி வரை காத்திருக்கட்டும்.