வரி இல்லாத கதை

கேள்வி: பாட்டுவரியே இல்லாமல், வாத்தியத்தை மட்டும் வைத்து ஒரு கதையைச் சொல்ல முடியுமா?
(வாசகர், பசறை)

பதில்: தப்புச் சத்தத்தை வைத்தே சாவு வீடா, சாமி ஊர்வலமா என்று லயத்துக்குள் இருந்தபடி சொல்லிவிடுகிற ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா?

செக் நாட்டு இசையமைப்பாளர் யானாசெக், டால்ஸ்டாயின் 'குரொய்ட்சர் சொனாட்டா' குறுநாவலைப் படித்த பாதிப்பில் 1923இல் நான்கே தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார். பொறாமையில் மனைவியைக் கொன்றவன் ரயில் பெட்டியில் தன் கதையைச் சொல்வதுதான் நாவல். பேச்செல்லாம் அவனுடையது. யானாசெக்கோ வாய் திறக்க வழியின்றிச் செத்தவளின் பக்கம் நின்றார். மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். ஒரு வயலினும் செலோவும் சாந்தமாக மெட்டைத் தொடங்கும். மற்ற இரண்டும் வில்லைக் குதிரையை ஒட்டித் தேய்த்து, கீறலாகக் குறுக்கே பாயும். சந்தேகம் வீட்டுக்குள் நுழைகிற சத்தம் அது! பதுளைக்கு ரயில் வந்த அதே 1924இல் இது பிராகில் அரங்கேறியது.

நம் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தும் இதற்குக் குறைந்ததல்ல. கந்தபுராணத்திலும் உள்ள காமதகனக் கதைதான். எரித்தவர் சிவன், ஆனால் சனத்தின் கண்ணீர் ரதிக்குத்தான். தப்பு இல்லாமல் அந்தக் கூத்து ஓரடி நகராது. அடுத்த மாசியில் உங்கள் தோட்டத்தில் கூத்து நடந்தால், தப்படியைத் தொடக்கம் முதல் முடிவுவரை கைபேசியில் பதிந்து வையுங்கள். அடிப்பவர்களின் பெயர்களையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.