கட்லாவும் பொய்ஈயும்: கொல்கத்தாக் குளக்கரையில் ஓர் ஆய்வு

கெண்டை இனத்தைப் பற்றித் தமிழில் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பாண்டியர் மீனைக் கொடியில் ஏற்றினார்கள், காசில் பொறித்தார்கள். புலவர்கள் பெண்களின் கண்களில் கெண்டையைத் துள்ளவிட்டார்கள். ஆனால் சேவல் இறகில் கட்டிய பொய்ஈயைக் காட்டி அதைக் கரையேற்றுவது எப்படி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பெருங்குறையை நீக்கவே இவ்வாய்வு.

களம் கொல்கத்தா. ரோகு, கட்லா என்ற இரு கெண்டைகளையும் 1822இல் அறிவியல் உலகுக்கு விவரித்த பிரான்சிஸ் ஹாமில்டன் அவ்வூர்த் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் அங்கே தொடங்கி, இன்று பக்கத்துப் பாரக்பூரில் இருக்கிறது. இவை இரண்டும் ஒப்புக்குச் சொல்லும் காரணங்கள். உண்மைக் காரணம், அந்த ஊரில் மீனைப் பற்றிக் கருத்து இல்லாத மனிதரைப் பார்ப்பது அரிது.

முதலில் கருவி. ஈத்தூண்டில் என்றால் புழு, மாவு எதுவும் கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலத் தோன்றச் செய்து வீசுவது. மாசிடோனியர் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி ஆற்றுமீன் பிடித்ததை ரோமானிய எழுத்தாளர் ஈலியன் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளை ஒட்டி, ஈத்தூண்டிலுக்குக் கோல் செய்யத் தொடங்கினார்கள். அந்த மூங்கில் போனது கல்கத்தாவிலிருந்து. சந்தையில் அதன் பெயரே ‘கல்கத்தா மூங்கில்’. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து டோன்கின் மூங்கில் வந்து அதை ஓரங்கட்டியது. உலகத்துக்குக் கோல் அனுப்பிய ஊர், தான் மட்டும் மயிலிறகுத் தண்டு மிதவையோடு நின்றுகொண்டது. புதிதாகத் தொடங்குகிறவர் இதிலேயே ஓர் எச்சரிக்கையைக் காணலாம். இன்னொரு சான்றும் உண்டு. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் கலை பற்றி நூல் எழுதினார். 1887இல் குளங்களுக்கென்றே இன்னொன்று எழுத வேண்டியதாயிற்று. ஆற்று வித்தை குளத்தில் செல்லாது.

இனி எதிர்த்தரப்பு. கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புகள் இணைப்பதால், கரையில் செருப்பு உரசினாலும் அதற்குத் தகவல் போய்விடும். கெண்டைகளில் மிருகால் அடிச்சேற்றில் மேய்கிறது. ரோகு நடுநீரில் சுற்றிப் பாசியையும் இலையையும் கொறிக்கிறது. ஆகவே பூச்சி வேடத்துக்கு மிஞ்சியிருப்பது மேல்மட்டத்தில் வாயைத் தூக்கிக்கொண்டு திரியும் கட்லா ஒன்றுதான். அதுவும் தேடுவது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை. அவற்றைப் போலச் செய்ய, நூல் சுற்றும் அளவுக்குச் சிறிய முள் இன்னும் அடிக்கப்படவில்லை.

மேலும் இவை சுலபத்தில் மயங்கும் சாதி அல்ல. குளத்துநீரில் இனப்பெருக்கம் செய்யவே இவை மறுத்தன. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டுத்தான் இசைய வைத்தார். அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். துணையோடு சேர்வதற்கே ஊசி கேட்கும் மீன், இறகைக் கண்டு மனம் இளகும் என்று நம்புவதற்குத் தனித் துணிவு வேண்டும். நகரின் கிழக்கே, 2002இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில், ஊரின் கழிவுநீரை உண்டு வளர்வதும் இதே இனம்தான். அதுவும் சேவல் இறகு என்றால் முகம் சுளிக்கிறது.

காரணம் எளிது. பொய்ஈ கண்ணை ஏமாற்றும் கலை. கொல்கத்தாக் கெண்டை மூக்கால் வாழ்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு குளக்கரையில் குடை விரித்து அமரும் உள்ளூர்க்காரரின் டப்பாவைத் திறந்து பாருங்கள்: வறுத்த கடலை மாவு, கடுகுப் புண்ணாக்கு, வெந்தயம், கச்சோலம், வசம்பு, சடாமாஞ்சில், நெய், தேன், முசுறு எறும்பின் முட்டை. இந்தச் சீட்டை நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் நீட்டினால், “வீட்டில் யாருக்குப் பிரசவம்?” என்பார்கள். அளவு மட்டும் ரகசியம். அண்ணன் தம்பிக்குச் சொல்லமாட்டார்.

இடப் பிரச்சினை தனி. பொய்ஈக்கு எடை இல்லை. கனத்த நூலைத் தலைக்குப் பின்னால் நீட்டி, பிறகு முன்னால் வீச வேண்டும். கொல்கத்தாக் குளக்கரையில் ஒருவருக்குப் பின்னால் காலியிடம் என்பது கோட்பாட்டளவில் மட்டுமே உண்டு. அங்கே காரப்பொரி விற்கும் ஜால்முரிக்காரர், பள்ளிக்கூடப் பையன்கள், ஓய்வுபெற்ற மூவர், ஒரு குல்மொஹர் மரம். நூலைப் பின்னால் விடாமல் நீர்மேலேயே சுருட்டி உருட்டிவிடும் வீச்சு ஒன்று இருக்கிறது. கற்கத் தக்கது அது ஒன்றுதான்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது ஈத்தூண்டில்காரர் தர்மம். அதைக் கரையில் உரக்கச் சொல்ல வேண்டாம். கல்யாணச் சீரில் ரோகுவுக்குப் புடவை கட்டி, பொட்டு வைத்து அனுப்பும் சமூகம் அது. மூன்று கிலோ ரோகுவைத் தண்ணீரில் விட்டால், வீட்டுக்கு வந்த மருமகளைத் துரத்திவிட்டதாகவே பேசுவார்கள்.

ஆய்வின் தீர்ப்பு: பூச்சியைக் கைவிடுக. கரையில் குழந்தைகள் இறைக்கும் பொரிக்கு, அதுவரை ஞானியாக இருந்த மீன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. எனவே வெள்ளை நுரைப்பஞ்சைப் பொரி அளவுக்கு வெட்டி முள்ளில் கட்டுங்கள்; ஒரு பிடி நிஜப் பொரியைத் தூவி, அதன் நடுவே பொய்ப்பொரியை மெல்ல இறக்குங்கள். இது ஈத்தூண்டில் ஆகுமா என்று பண்டிதர்கள் கேட்பார்கள்; கேட்கட்டும். வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஊருக்கு வந்ததும் இந்த முறையைக் கோயில் குளத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள்.