மூடிய அலுவலகத்துக்கு ஒரு பிழைதிருத்த மனு

அனுப்புநர்:
ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறந்தோர் சார்பில்,
பஞ்சாங்கம் பார்க்கும் ஒரு வாசகர்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
பேரரசு வானியல் அலுவலகம்,
பெய்ஜிங்.

பொருள்: சீன விலங்கு ஆண்டுப் பட்டியல்களில் மலிந்துள்ள பிழைகள் – திருத்தம் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ச்சிங் அரசு 1912இல் முடிவுக்கு வந்தபோது தங்கள் அலுவலகமும் இழுத்து மூடப்பட்டது தெரிந்தேதான் எழுதுகிறேன். ராசிபலன் நூல் போடுகிறவர்கள், நாட்காட்டி அச்சிடுகிறவர்கள், சீன உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கிற தாளில் பன்னிரண்டு விலங்குகளையும் வட்டமாக வரைகிறவர்கள் என்று திறந்திருக்கும் கதவுகள் ஏராளம். பிழை என்று சொன்னால் அங்கே யாரும் பதில் போடுவதில்லை. எப்படியும் பதில் வரப்போவதில்லை என்றான பிறகு, அது ஒரு கௌரவமான இடத்திலிருந்து வராமல் போகட்டுமே என்று தங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

தங்களிடம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிழையை எப்படி நடத்த வேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தது. மிங் காலத்து நாட்காட்டியின் அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும்: போலியாக அச்சிட்டால் தலை போகும், காட்டிக்கொடுப்பவருக்கு 50 லியாங் வெள்ளி. 1665இல், தங்கள் அலுவலகத்துக்கே தலைவராயிருந்த ஆதாம் ஷால் பாதிரியார் மீதான வழக்கில், செத்துப்போன குட்டி இளவரசனை அடக்கம் செய்ய நாள் பார்த்ததில் தவறு என்பதும் ஒரு குற்றச்சாட்டு. லி ஸுபாய் உள்பட ஐந்து சீன வானியல் அதிகாரிகளின் தலை உருண்டது. ஷாலின் தலை தப்பியது பூகம்பத்தின் புண்ணியத்தில். பெய்ஜிங் குலுங்கியதை வானத்தின் கண்டனமாக எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். இந்த முறையை மீண்டும் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் ‘அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்’ என்று மூலையில் ஒரு வரி போடுவதற்கும் தலையை வாங்குவதற்கும் இடையில் எவ்வளவோ இடம் இருக்கிறது. இன்று அந்த இடம் முழுக்கக் காலி.

அடுத்த சில ஆண்டுகளிலேயே தாங்கள் திருத்தியும் காட்டினீர்கள். ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் என்ற பெல்ஜியப் பாதிரியார், 1669க்கான நாட்காட்டியில் அதிக மாதம் தப்பான இடத்தில் இருக்கிறது என்றார். நண்பகல் நிழலின் நீளத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லிப் பரீட்சை வைத்தார்கள். அவர் சொன்னது சரியாக வந்தது. பதின்ம வயது தாண்டாத காங்ஷி பேரரசர், நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்ட நாட்காட்டியிலிருந்து ஒரு மாதத்தையே எடுத்துவிட்டு அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் செய்தார். ஒரு முழு மாதம், ஐயா! இன்றைய பதிப்பாசிரியர்கள் மறுபதிப்பில் ஒரு நாளைக்கூடத் தள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அந்த ஒரு நாள் விவகாரம்தான் என் கட்சிக்காரர்களின் வழக்கு. பட்டியலைத் திறந்தால் ‘1990 – குதிரை’ என்று இருக்கிறது. சீனப் புத்தாண்டோ ஜனவரி 21க்கும் பிப்ரவரி 21க்கும் இடையில் வரும் ஓர் அமாவாசையன்று பிறக்கிறது. 1990இல் அது ஜனவரி 27. அதற்கு முந்தைய 26 நாட்களில் பிறந்த அத்தனை பாம்புகளும் இந்தப் பட்டியலை நம்பி இத்தனை ஆண்டுகளாகக் குதிரை வேடம் போட்டுத் திரிகின்றன. குதிரைக்குச் சொன்ன பரிகாரத்தைச் செய்கின்றன, குதிரைக்குப் பொருந்தும் வரனைத் தேடுகின்றன. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுத் தேதியை அச்சிட்டால் தீர்ந்தது. கட்டம் போட இடமில்லையாம். அதே பக்கத்தில் அதிர்ஷ்ட நிறத்துக்கும் அதிர்ஷ்ட எண்ணுக்கும் அதிர்ஷ்டப் பூவுக்கும் இடமிருக்கிறது.

இதையாவது சோம்பல் என்று விட்டுவிடலாம். 1985 பிப்ரவரி 10 அன்று பிறந்த ஒரு குழந்தையைத் தங்கள் முன் நிறுத்துகிறேன். பெய்ஜிங் வழக்கப்படி புத்தாண்டு பிப்ரவரி 20 என்பதால், அது எலி. ஜாதகம் கணிப்பவரிடம் போனால், சூரியன் 315 பாகையைத் தொடும் வசந்தத் தொடக்கத்தில்தான் ஆண்டு மாறும், அது பிப்ரவரி 4இலேயே வந்துவிட்டது, ஆகவே மாடு என்பார். டோக்கியோவில் 1873 முதல் ஜனவரி முதல் தேதியே புத்தாண்டு, அங்கேயும் மாடு. ஹனோயில் அந்த ஆண்டு தெத் என்ற புத்தாண்டுப் பண்டிகை ஜனவரி 21 அன்றே வந்துவிட்டது. அங்கே மாட்டுக்குப் பதில் எருமை, ஆகவே குழந்தை எருமை.

ஹனோயில் மட்டும் ஒரு மாதம் முந்தியது ஏன் என்று தங்களைப் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1984 டிசம்பரில் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் கணம் பெய்ஜிங்கில் நள்ளிரவு தாண்டி, 22ஆம் தேதி வந்தது. ஒரு மணி நேரம் பின்தங்கிய ஹனோய்க் கடிகாரத்தில் அப்போது 21ஆம் தேதி இன்னும் முடியவில்லை. அமாவாசை இரண்டு ஊரிலும் 22. சூரியன் திரும்பும் அந்தக் கணம் விழும் மாதமே பதினோராவது மாதம் என்பது விதி. பெய்ஜிங்கில் அது 22இல் தொடங்கும் புது மாதத்துக்குள் போயிற்று, ஹனோயில் முடிந்துகொண்டிருந்த பழைய மாதத்தோடு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் எலியை எருமையாக்கிற்று. இந்த நால்வரில் யாருடைய கணக்கிலும் தவறில்லை. எந்த ஊர், எந்த விதி என்று சொல்லாமல் ‘1985 – மாடு’ என்று அச்சிடுகிறவர் மட்டும்தான் தவறு செய்கிறார். அவரிடம் திருத்தம் கேட்டால் எதைக் கொண்டு திருத்துவது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று தங்கள் எழுத்தர் யாராவது கோப்பில் குறிப்பு எழுதுமுன் ஜப்பானைப் பார்க்கச் சொல்லுங்கள். நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனை விழுங்குவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. 1965இல் 18 லட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள், நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் சுமார் 13.6 லட்சமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டு 19 லட்சத்தைத் தாண்டின. டிசம்பர் 31 தாண்டினால் ஆபத்து தாண்டியது என்று காத்திருந்து 1967 ஜனவரியில் மகளைப் பெற்றவர்களும் அதில் உண்டு. பழைய சந்திர நாட்காட்டிப்படி நெருப்புக் குதிரை 1967 பிப்ரவரி 8 வரை ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, பயந்தவர்கள் எந்தப் பயத்துக்கு முறையாகப் பயப்படுவது என்றுகூடச் சரிபார்க்கவில்லை. அந்த ஜனவரிப் பெண்களின் கணவர்கள் தொடர்பாகத் தங்கள் அலுவலகத்துக்குப் புகார் ஏதும் வந்திருந்தால், அதையும் இந்தக் கோப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நெருப்புக் குதிரை 2026இல் மறுபடி வந்துவிட்டது. அவசரம்.

தேதியை ஒருவழியாகத் திருத்திவிடலாம். குணத்தை என்ன செய்வது? புலி துணிச்சல், முயல் மென்மை, எலி சாமர்த்தியம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறதே, அதில் பிழை கண்டுபிடிக்க எந்த நிழலை அளப்பது? கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வாங் சோங் என்ற அறிஞர் ‘லுன்ஹெங்’ நூலில் இதை நோண்டியிருக்கிறார். எலிக்கு நீர், குதிரைக்கு நெருப்பு, நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்களே, அப்படியானால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்பது அவர் கேள்வி. அதற்கும் இன்னும் பதில் போகவில்லை என்றே நினைக்கிறேன். நிலுவை 1,900 ஆண்டுகளுக்கு மேல்.

மூலபாடத்தைப் பார்க்கலாம் என்றால் அங்கே நிலைமை இன்னும் மோசம். ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதியில் 1975இல் ஒரு ச்சின் அதிகாரியின் கல்லறையில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன. கி.மு. 217 வாக்கில் அவரோடு புதைக்கப்பட்டவை. நாம் அறிந்த மிகப் பழைய விலங்குப் பட்டியல்களில் ஒன்று அதில் உள்ளது. டிராகனின் இடத்தில் விலங்கே இல்லை. குதிரையின் இடத்தில் மான், ஆட்டின் இடத்தில் குதிரை, நாயின் இடத்தில் ஒரு கிழட்டு ஆடு. அந்தப் பட்டியல் யாருடைய குணத்தையும் சொல்லவில்லை. எந்த நாளில் திருட்டுப் போனதோ அந்த நாளுக்குரிய விலங்கை வைத்துத் திருடன் எப்படியிருப்பான் என்று கண்டுபிடிக்கத்தான் அது. எலி நாளில் திருடியவனுக்குக் கூர்வாய், சொற்பத் தாடி. ஆக, எலி ஆண்டினர் புத்திசாலிகள் என்று இன்று பூரிக்கும் பக்கத்துக்கு முப்பாட்டன் ஒரு காவல் நிலையக் குறிப்பு. இதைப் பாடபேதம் என்பதா, பிழை என்பதா என்று தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டிராகன் ஆண்டில் பிள்ளை பெற முண்டியடித்தவர்கள் மேல்முறையீடு செய்வார்கள் என்பதையும் மனதில் கொள்ளவும்.

திருத்தவே முடியாது என்று யாரும் சாதிக்க வேண்டாம். 1990களுக்கு முன் அச்சான பல நாட்காட்டிகளில் 2033க்கான அதிக மாதம் ஏழாவது மாதத்துக்குப் பின்னால் இருந்தது. அது பதினோராவதுக்குப் பின்னால் வர வேண்டும் என்று கண்டறிந்து மாற்றினார்கள். ஏழாவதுக்குப் பின்னால் விட்டிருந்தால் அந்த ஆண்டு எட்டாவது மாதத்து நிலாப் பலகாரம் ஒரு மாதம் தாமதமாகியிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சாப்பிடப்போகிற பலகாரத்துக்குத் திருத்தம் கிடைத்தது. ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, தப்பான விலங்கைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே தங்கள் அலுவலகத்தை ஒரே ஒரு வாரத்துக்குத் திறந்து, எந்தப் பட்டியலும் ஆண்டு தொடங்கும் தேதி, ஊர், விதி மூன்றையும் அச்சிடாமல் விலங்கைச் சொல்லக் கூடாது என்று ஆணை பிறப்பிக்கும்படியும், குணநலப் பகுதி முழுவதற்கும் ‘சரிபார்க்க இயலாதது’ என்று முத்திரை குத்தும்படியும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாம்பா குதிரையா என்று தெரியாதோர் சார்பில்.

பின்குறிப்பு: அந்த 50 லியாங் வெள்ளிப் பரிசு இன்னும் நடைமுறையில் இருந்தால் தெரிவிக்கவும். தாள் விரிக்கும் உணவகத்தின் முகவரியைத் தனி உறையில் அனுப்பி வைக்கிறேன்.