திருகாணிப் பதவி

புரட்சி நல்ல சரக்கு. ஜப்பான்காரன் அதைப் படம் போட்டு விற்கிறான். நாம் கைதட்டிப் பார்க்கிறோம்.

லெய்ஜி மட்சுமோட்டோவின் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' 1978-ல் டி.வி.க்கு வந்தது. பணக்காரன் இயந்திர உடம்பு வாங்கிச் சாகாமல் இருக்கிறான். பொழுது போகாவிட்டால் ஏழைகளை வேட்டையாடுகிறான். தாயை அப்படிப் பறிகொடுத்த பையன் ஒருவன், இலவச உடம்பு கிடைக்கும் என்று நம்பி விண்வெளி ரயிலில் ஏறுகிறான். கிரகம் கிரகமாகத் தாண்டிப் போனால், அங்கே அவனுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பதவி திருகாணி. இயந்திர உலகம் கழன்று விழாமல் இருக்க உயிருள்ள திருகாணி வேண்டுமாம்.

ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்களுக்கு இந்தக் கதை புரியும். தாத்தாக்கள் 1974 மே மாதம் இந்தியா முழுக்க 20 நாள் வண்டியை நிறுத்திய தலைமுறை. பேரன் அனிமேஷன் டிப்ளமோ. மெட்ரோவில் நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஸ்டூடியோக்கள் இருக்கும் மாதாப்பூர். திருகாணிக்கு நேரடி ரயில்.

இப்படிப்பட்ட புரட்சிப் படங்களை எடுத்தவர்கள் யார்? 1960-களில் டோக்கியோவின் தோயெய் ஸ்டூடியோவில் யூனியன் நடத்திய இசாவோ தகஹாதா, ஹயாவோ மியாசாகி. மியாசாகி யூனியனின் தலைமைச் செயலாளர். யூனியன் தோழர்கள் கூடி உருவாக்கிய படம் 1968-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் தகஹாதாவிடம் இன்னொரு படத்தைக் கொடுக்கவே இல்லை. மியாசாகி 1978-ல் 'ஃப்யூச்சர் பாய் கோனன்' எடுத்தார். அதில் நிலத்தடியில் அடைக்கப்பட்ட தொழிலாளர்கள் எழுந்து சர்வாதிகாரி லெப்காவைக் கவிழ்க்கிறார்கள். திரையில் கவிழ்க்கலாம். தடையே கிடையாது.

ஸ்டூடியோவுக்குள் கவிழ்த்தால்? 1972-ல் தோயெய் கதவைச் சாத்தியது. வேலை கப்பலேறித் தென்கொரியா போனது. 1980-களில் மணிலா போனது. அவுட்சோர்சிங் என்று நம் மந்திரிகள் மாலை போட்டு வரவேற்கிற மகாலட்சுமி இப்படித்தான் புறப்பட்டாள். கூலி கேட்ட ஊரை விட்டு, கேட்காத ஊருக்கு.

மிச்சமிருந்த ஜப்பான்காரன் கதி? 2024-ல் ஐ.நா. மனித உரிமை அறிக்கை சொன்னது: அனிமே தொழிலின் சந்தை 2.74 லட்சம் கோடி யென். புதிதாகச் சேரும் அனிமேட்டருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் யென். உழைப்பாளியின் ரத்தத்தை உறிஞ்சும் வில்லனைத் தத்ரூபமாக வரைகிறார்கள் என்று வியக்கிறோமே, மாடலுக்கு எங்கே அலைந்திருப்பார்கள்?

ஹாலிவுட்டும் அதே பள்ளிக்கூடம். 'லைஃப் ஆஃப் பை' நினைவிருக்கும், நம் புதுச்சேரியில் தொடங்கும் கதை. அந்தப் புலிக்கு உயிர் கொடுத்தது ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்த ரிதம் அண்ட் ஹ்யூஸ். 2013 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது. இரண்டே வாரத்தில் ஆஸ்கர் வாங்கியது. அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். மேடையில் விருது வாங்கியவர் நிறுவனத்தின் பணக் கஷ்டத்தைப் பேச வாயெடுத்தார். 'ஜாஸ்' படத்தின் சுறா இசையைப் போட்டு மைக்கை அணைத்தார்கள். புலி செய்தவனைச் சுறா தின்றது. உலகமே நேரடி ஒளிபரப்பில் பார்த்துச் சிரித்தது.

இங்கே மேடைக்கு மேடை 'அனிமேஷன் தலைநகர்' என்கிறார்கள். வெளிநாட்டு முதலாளிக்குக் காட்டும் ஸ்லைடில் இரண்டு வரி: திறமை அதிகம், செலவு குறைவு. இரண்டாவது வரியில் இருப்பது யாருடைய சம்பளம் என்று எந்த மந்திரியும் கேட்டதில்லை. ஓவர்டைம் கேட்கிற பையனிடம் மட்டும் "உனக்கு இந்த வேலையில பேஷன் இல்லையாப்பா?" என்று கேட்பார்கள். கரண்ட் பில் கட்டப் போகிறவனிடம் மின்வாரியம் பேஷனை வாங்கிக்கொள்ளுமா?

2024 டிசம்பரில் ரயில்வே அப்பாக்கள் வரிசையில் நின்று, எந்த யூனியனுக்கு அங்கீகாரம் என்று ஓட்டுப் போட்டார்கள். மாதாப்பூர் மகன்களுக்கு யூனியனும் இல்லை, ஓட்டும் இல்லை. டெட்லைன் இரவுகளில் பீட்சா உண்டு. மீடியம் சைஸ். நாலு பேருக்கு ஒன்று.