கப்பலேறிய கணக்குப்பிள்ளை

நங்கநல்லூரோ அண்ணாநகரோ, எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். ஆபீஸ் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்தான் கணக்குக்கு ஓய்வு கொடுக்கவில்லை. பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரில் இருப்பார்கள். "வந்ததுதான் வந்தீங்க, அம்மாவைக் கூட்டிட்டு மூணு ராத்திரி குரூஸ் போயிட்டு வாங்கப்பா" என்று அவர்கள் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து நம்மவர் கையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் ஏறிவிடும்.

குரூஸ் என்பதை அவர் எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்பவர் அல்ல. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. அதில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்ற சர்ச்சையில் புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார். "பாத்தீங்களா, ஊர் பார்க்கலாம்னு காசு வாங்குவான், ஊருக்குள்ள விட மாட்டான்" என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு அவருடைய பெரியப்பா 'ரஜூலா'வில் பினாங்கு போனவர். 1926இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக அலைந்த கப்பல் அது. மேல்தளத்தில் சொந்தப் பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைக்கு வைத்து, ஒரு வாரம் போனவர்களின் பரம்பரையில் வந்தவருக்கு, ஏறிய இடத்துக்கே திரும்பி வந்து இறக்கிவிடும் கப்பலுக்கு எதற்குப் பணம் என்பது நியாயமான சந்தேகம்தானே?

ஆனால் டிக்கெட் விலை அவரை அசைத்துவிடுகிறது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நாடகம், நீச்சல்குளம் எல்லாம் சேர்த்து, சிங்கப்பூரில் ஒரு நல்ல ஓட்டல் அறைக்கு ஆகும் வாடகையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அங்கேதான் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "சந்தேகம்" என்று எழுதுகிறார். இவ்வளவு மலிவாக ஒருவன் கொடுக்கிறான் என்றால் வேறெங்கோ கை வைப்பான்.

அவர் சந்தேகம் சரிதான். துறைமுகத்தை விட்டு நகர்ந்த பிறகு காலியாகக் கிடக்கும் அறையை யாருக்கும் விற்க முடியாது. அதனால் எப்படியாவது ஆளை ஏற்றிவிடப் பார்ப்பார்கள். ஏறியபின் மதுவில், சூதாட்டத்தில், வைஃபையில், ஸ்பாவில், கரைச் சுற்றுலாவில், தனியாகக் காசு கேட்கும் உணவகங்களில் வசூல் நடக்கும். இது போக துறைமுகக் கட்டணம் தனி. தலைக்கு, இரவுக்கு என்று சேவைக் கட்டணம் தனி. நோட்டில் இதையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "வேண்டாம்" என்று குறித்துக்கொண்டு, போருக்குப் போகிறவராக மரீனா பே குரூஸ் சென்டரில் போய் நிற்கிறார்.

முதல் தோல்வி ஸ்கேனரில். பையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள். தீ என்றால் கப்பலுக்கு உயிர் பயம். அறையில் இஸ்திரி போட விடமாட்டார்கள். "துணி தேய்க்கிற காசு அவனுக்கு வேணும், அதான்" என்று மனைவியிடம் விளக்கினார். ஆபத்துக்கால ஒத்திகையிலும் அவர் விடவில்லை. 2012இல் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கொன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ ஒத்திகை கட்டாயம் என்று இறுக்கினார்கள். சிப்பந்திப் பெண் உயிர்காக்கும் அங்கியை மாட்டிக் காட்டி, சந்தேகம் உண்டா என்று கேட்டாள். நம்மவர் கை தூக்கினார். "டின்னர் எத்தனை மணிக்கு?"

அவர் எடுத்தது உள்ளறை. ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் காலையா நள்ளிரவா என்று தெரியாது. டிவியில் ஒரு சேனலில் மட்டும் கப்பலின் முகப்புக் கேமரா காட்டும் கடல் ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் மலாக்கா நீரிணை கிடக்க, கட்டிலில் சாய்ந்து அதை டிவியில் பார்த்தார் மனிதர். "பால்கனிக்காரன் பாக்குற அதே கடல்தான். பாதிக் காசு."

பஃபே கூடத்தில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும். டிக்கெட் தொகையைச் சாப்பாட்டு வேளைகளால் வகுத்து, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார். பெரிய மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரின் முகம் அப்போது அவருக்கு. இட்லி இருந்தது, தொடவில்லை. "இட்லி எடுத்தா நஷ்டம்" என்று மனைவியின் தட்டிலிருந்ததையும் கண்டித்தார். சீஸில் நாலு வகை, பெயர் தெரியாத ரொட்டி இரண்டு, டிராகன் பழம், அதன் மேல் சாக்லேட் கேக், ஓரத்தில் ஆலிவ் காய். ஆலிவை வாயில் போட்டவுடன் முகம் கோணியது. ஆனாலும் விலை உயர்ந்த பொருள் என்பதால் விழுங்கினார். இரண்டாம் நாள் இரவு பத்தரைக்கு, கதவைத் தாழிட்ட உள்ளறையில், கைப்பையின் அடியிலிருந்து ஆவக்காய் பொட்டலம் வெளியே வந்தது. மனைவி பஃபேயிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சாதத்தை ஒன்றும் சொல்லாமல் நீட்டினார்.

சூதாட்டக் கூடம் நடுக்கடலுக்குப் போன பிறகுதான் திறக்கும். அங்கேயும் போனார். ஆடவில்லை, ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்றார். ஒரு ஆள் நூறு டாலர் விட்டால், தான் நூறு டாலர் மிச்சம் பிடித்ததாக நோட்டில் ஏறியது. உண்மையில் இந்தக் கப்பலின் ரகசியமே இதுதான். குடிக்கிறவனும் சூதாடுகிறவனும் சேர்ந்துதான் நம்மவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறார்கள். காப்பியைத் தவிர வேறு பழக்கமில்லாத மனிதர் அந்த நாட்களில் வாழ்ந்தது முழுக்க மற்றவர்களின் கெட்ட பழக்கத்தில்.

வைஃபை வாங்கவில்லை. கப்பலின் சாட்டிலைட் சிக்னலில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறும் என்று தெரிந்து, ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டார். ஆனால் கடலில் இருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரியாவிட்டால் கடலில் இருந்து என்ன பயன்? மலேசியக் கரை மங்கலாகத் தெரிந்தபோது, மேல்தளத்தில் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மற்றவர்கள் அதை யோகா என்று நினைத்து வழிவிட்டார்கள். கப்பல் போட்டோக்காரர் எடுத்த படத்தையும் வாங்கவில்லை. காட்சிக்கு மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன் மனைவியைக் காவலுக்கு நிறுத்தி, போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

பினாங்கில் கப்பல் நின்றது ஸ்வெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். கரைச் சுற்றுலாவை மறுத்துவிட்டு நடந்தே போனார்கள். 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு வெளியே வந்தால் தெருவெல்லாம் வாழையிலைச் சாப்பாட்டு வாசனை. பெரியப்பா பிழைக்க வந்த ஊர். மனைவி ஒரு கடை வாசலில் நின்றேவிட்டார்.

"என்னங்க, இங்கேயே சாப்பிடலாமே. ரசம் வாசனை வருது."

"அறிவிருக்கா? கப்பல்ல காசு கட்டியாச்சு."

வெயிலில் வேகுவேகென்று திரும்பி நடந்து, கப்பலேறி, காசு கட்டிய சாப்பாட்டில் மறுபடியும் ஆலிவ் காய் தின்றார்.

ஊர் திரும்பியதும் குடியிருப்பே அவரிடம் ஆலோசனை கேட்கிறது. அவரும் சளைக்காமல் சொல்கிறார். சொல்வதெல்லாம் பயனுள்ளவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றையாளாகப் போகாதீர்கள், அறையை இரண்டு பேருக்குத்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பான். பாதி வழியில் மலேசியாவைத் தொட்டுத் திரும்புவதால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். ஒன்றரை லட்சம் டன் கப்பல் என்று மிரட்டினால் மிரளாதீர்கள், அது எடை அல்ல, உள்ளே எவ்வளவு இடம் என்ற அளவு. மூட்டு வலிக்காரர்களுக்குப் படியேறாமல் ஊர் பார்க்க இதைவிட்டால் வேறில்லை. ஊரை ஊராகப் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலில் போங்கள்.

பிரயோஜனம் உண்டா என்று அவர் மனைவியைக் கேட்டால் பதில் சுருக்கம். "மூணு நாளும் 'இன்னிக்கு என்ன சமையல்'னு ஒருத்தரும் கேக்கல. எடுத்த தட்டைக்கூட நான் கழுவல." அந்த அம்மா தினமும் காலை ஆறு மணிக்கு மேல்தளத்தில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்ததும், நாடகத்தில் வாய்விட்டுச் சிரித்ததும், காலைக் குளத்தில் நனைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றுமே செய்யாமல் இருந்ததும் நோட்டில் ஏறவில்லை. அதற்கு என்ன விலை போடுவது என்று நம்மவருக்குத் தெரியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத்தான் அவர் யாருக்கும் காட்டுவதில்லை. கடைசி இரவு, அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று கப்பலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மது, சூது, வைஃபை, போட்டோ என்று அத்தனை வலையிலும் தப்பியவர் அதன் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கூட்டிக் கழித்தார். பிறகு கார்டை எடுத்து நீட்டினார். இந்தத் தடவை பால்கனி அறை.

விஷயம் எப்படியோ கசிந்து, மேல்மாடிக்காரர் மடக்கினார். "அவ்வளவு கணக்குப் பாத்துட்டு மறுபடியும் எதுக்கு சார்?"

"முதல் தடவை நஷ்டம்தான் சார்" என்றார் கணக்குப்பிள்ளை, கொஞ்சமும் அசராமல். "ரெண்டாவது தடவை போனாத்தான் அது கட்டுப்படியாகும்."